சாவி செய்தவர் மீது ஒரு வழக்கு

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என்னிடம் வந்த வழக்கு இது. புகார் கொடுத்தவர் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் நடத்தியவர். எதிரி, அதே நிறுவனத்தில் வேலை பார்த்து விலகிய இளைஞர். கிரிப்டோ நாணயங்களை வைத்துக்கொள்ள ஒரு வாலட் செயலியை அந்த நிறுவனம் வெளியிட்டிருந்தது. ஒரே இரவில் வாடிக்கையாளர் பலருடைய வாலட்டுகள் காலியாகின. போனது ரூபாய்க் கணக்கில் முப்பது லட்சத்துக்கும் மேல்.

முதல் தகவல் அறிக்கையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 408, 420 ஆகிய பிரிவுகள் இருந்தன. கூடவே, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-உடன் சேர்த்துப் படிக்க வேண்டிய 66-ஆம் பிரிவு. 408 என்பது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி. ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1 அன்றுதான். ஆகவே குற்றப் பிரிவுகள் எல்லாம் பழைய சட்டத்தவை.

காவல் துறைக்கு மூன்று காரணங்கள் இருந்தன. சாவி உருவாக்கும் பகுதியின் கோடை எழுதியது அவர் ஒருவரே. களவுக்கு இரண்டு வாரம் முன்புதான் சம்பள பாக்கித் தகராறில் வேலையை விட்டிருக்கிறார். செயலியின் புதிய பதிப்பை வெளியிடத் தேவையான கையொப்பச் சாவிக் கோப்பு அவருடைய சொந்த மடிக்கணினியில் இருந்திருக்கிறது.

"செஞ்சவன் அவன். கோபத்தோட வெளிய போனவன் அவன். சாவியையும் வச்சிருந்தவன் அவன். வேற யாரை மேடம் பிடிக்கச் சொல்றீங்க?" என்றார் விசாரணை அதிகாரி. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் முதலில் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பேன்.

இளைஞரோடு அவருடைய தந்தையும் வந்திருந்தார். தென்காசிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "எம் பிள்ளை அடுத்தவன் காசைத் தொட மாட்டாம்மா" என்றார். எல்லாத் தகப்பனும் சொல்வதுதான். ஆனால் அடுத்து அவர் கேட்டதை நான் குறித்துக்கொண்டேன். "எங்க சங்கத்துல அடகு நகைப் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. செயலாளர்கிட்ட ஒண்ணு, காசாளர்கிட்ட ஒண்ணு. ரெண்டு பேரும் நின்னாத்தான் திறக்கும். அத்தனை பேர் பணம் கிடக்கிற இடத்துல, எல்லாத்தையும் இவன் ஒருத்தன் கையில ஏம்மா குடுத்தாங்க?"

முன்ஜாமீன் மனு சென்னை முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் வந்தது. எதிரியை வெளியே விட்டால் ஒரு கைபேசியைக் கொண்டே நாணயங்களை உலகின் எந்த மூலைக்கும் தள்ளிவிடுவார் என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. மடிக்கணினி, கைபேசி, வெளிவட்டு எல்லாவற்றையும் தானே முன்வந்து ஒப்படைக்கத் தயார் என்று எங்கள் தரப்பில் எழுதிக் கொடுத்தோம். தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. கருவிகள் மகஜர் எழுதிக் கைப்பற்றப்பட்டு, ஹாஷ் மதிப்பு குறிக்கப்பட்டு, மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போயின.

சக வழக்கறிஞர் ஒருவர் குறுக்கு வழி ஒன்றைச் சொன்னார். கிரிப்டோவை இந்தியச் சட்டம் நாணயமாக ஏற்கவில்லை. அது பொருளே இல்லை என்று வாதாடு. பொருள் இல்லாத இடத்தில் மோசடி ஏது என்று கேள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம்பிக்கை மோசடியைச் சொல்லும் 405-ஆம் பிரிவில் வரும் சொத்து, கையால் தூக்கக்கூடிய அசையும் பொருள் மட்டும் அல்ல என்று ஆர்.கே. டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிச் சேவையை மறுத்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையை 2020 மார்ச் 4 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் நிதிச் சட்டம் அதற்கு மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று பெயரிட்டு, லாபத்துக்கு 30 சதவீத வரியும் போட்டது. அரசு வரி வாங்கும் ஒன்றைக் குற்றவியல் நீதிமன்றத்தில் காற்று என்று சொன்னால் நீதிபதி சிரிப்பார். பின்னாளில், 2025 அக்டோபரில், வசீர்எக்ஸ் பரிமாற்றகம் தொடர்பான மனு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்துதான், அதை ஒருவர் மற்றொருவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று தெளிவாகவே எழுதினார்.

சட்டத்தில் எங்களுக்கு உண்மையான பிடிமானம் வேறோர் இடத்தில் இருந்தது. வாலட் என்று பெயர் இருந்தாலும் அதற்குள் நாணயம் எதுவும் கிடையாது. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு உலகம் முழுக்கப் பல்லாயிரம் கணினிகளில் பொதுப் பேரேடாகக் கிடக்கிறது. வாலட்டில் இருப்பது அந்தக் கணக்கில் கை வைக்க உரிமை தரும் ரகசியச் சாவி மட்டுமே. எங்கள் வழக்கில் அந்தச் சாவி வாடிக்கையாளரின் கைபேசியிலேயே உருவாகி, அங்கேயே தங்குவதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்திடமும் அது இல்லை, இவரிடமும் இல்லை. 405-இன்படி நம்பிக்கை மோசடி என்றால் முதலில் சொத்தோ அதன் மீதான ஆளுகையோ எதிரியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே யாரும் எதையும் அவரிடம் ஒப்படைக்கவில்லை.

சட்டப்படி இது பலமான வாதம். ஆனால் இதை மட்டும் நம்பிப் போக முடியாது. சாவியைத் திருட்டுத்தனமாகத் தனக்கு அனுப்பும்படி செயலிக்குள் அவர் ஏதாவது ஒளித்து வைத்திருந்தால், 408 விழுந்தாலும் 66 நிற்கும். நாணயம் எப்படிப் போனது என்று தெரியாமல் இவரைக் காப்பாற்ற வழியில்லை.

பொறியியல் கல்லூரி ஒன்றில் மறையீட்டியல் கற்பிக்கும் பேராசிரியை ஒருவரின் உதவியை நாடினேன். நிறுவனத்தின் மூலக் கோடு எங்களுக்குக் கிடைக்காது. ஆனால் வாடிக்கையாளர்களின் கைபேசிகளில் செயலி இன்னும் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தாலே சாவி எப்படி உருவாகிறது என்று படித்துவிடலாம் என்றார் அவர். எங்களால் படிக்க முடிந்ததை, உலகில் வேறு யாராலும் படித்திருக்க முடியும் என்பதும் அப்போதே என் மனதில் பதிந்தது.

அவர் விளக்கியதை வழக்கறிஞர் மொழியில் சொல்கிறேன். வாலட் தொடங்கியதும் பயனருக்குப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் காட்டப்படும். 2048 சொற்கள் கொண்ட நிலையான பட்டியல் ஒன்றிலிருந்து அவை வருகின்றன. அந்தப் பன்னிரண்டு சொற்களும் அவற்றின் வரிசையும் தெரிந்தவர் எவரோ, அவர்தான் பணத்துக்கு எஜமானர். எந்தச் சொற்கள் என்பதை ஒரு குலுக்கல் எண் தீர்மானிக்கிறது. முறையாகக் குலுக்கினால் எத்தனை விதமாக அது விழலாம் என்ற எண்ணிக்கை 39 இலக்கம் நீளும். உலகக் கணினிகள் அனைத்தும் சேர்ந்து முயன்றாலும் அதை ஊகிக்க முடியாது. வாலட்டின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு குலுக்கலின் நேர்மையில் தொங்குகிறது.

நம்பகமான குலுக்கலைத் தரும் வசதி ஒவ்வொரு கைபேசியின் இயங்குதளத்திலும் இருக்கிறது. ஆனால் இவர் பயன்படுத்திய ரியாக்ட் நேட்டிவ் என்ற கட்டமைப்பில் அது தானாக வராது. தனி நூலகம் ஒன்றை இணைக்க வேண்டும். இணைத்திருக்கிறார். சில பழைய கைபேசிகளில் பிழை காட்டியிருக்கிறது. வெளியீட்டுத் தேதி கழுத்தைப் பிடித்த நேரத்தில், இணையத்தில் கிடந்த ஒரு துண்டுக் கோடை எடுத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார். பிழை மறைந்துவிட்டது. அந்தத் துண்டு, கைபேசியின் கடிகாரத்தில் அந்த விநாடி என்னவோ அதை எடுத்து, அதிலிருந்து குலுக்கல் எண்களை வளர்த்தது.

பார்க்கத் தாறுமாறான எண்களாகத்தான் வரும். எந்தச் சோதனையிலும் செயலி தவறு காட்டாது. ஆனால் ஓர் ஆண்டுக்கு மொத்தமே 3,15,36,000 விநாடிகள். ஆக, அந்த ஆண்டு முழுக்க அந்தச் செயலியில் யார் வாலட் தொடங்கியிருந்தாலும், அவர்களுடைய பன்னிரண்டு சொற்கள் அந்த மூன்றேகால் கோடிக்கும் குறைவான வாய்ப்புகளுக்குள் அடங்கிவிடும். சாதாரண மடிக்கணினி ஒன்று சில மணி நேரங்களில் அத்தனையையும் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடும்.

"இந்தத் தப்பைச் செஞ்சது இந்தப் பையன் மட்டும் இல்லை" என்றார் பேராசிரியை. 2013 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டின் குலுக்கல் வசதியிலேயே இருந்த குறையால் பிட்காயின் வாலட்டுகள் பறிபோயின. 2023 ஆகஸ்டில், லிப்பிட்காயின் என்ற, அனுபவசாலிகள் எழுதிய கருவியிலேயே இதே வகைக் குறை வெளிப்பட்டது. ஊகிக்கவே முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டிய வாய்ப்புகளின் எண்ணிக்கை அங்கே வெறும் 429 கோடியாகச் சுருங்கிக் கிடந்திருக்கிறது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை மில்க் சேட் என்று அழைத்தார்கள்.

மறுநாள் இளைஞரை அழைத்து, எங்கள் எதிர்வாதம் என்னவாக இருக்கும் என்று சொன்னேன். நீங்கள் எடுக்கவில்லை, நீங்கள் செய்த சாவியை யார் வேண்டுமானாலும் ஊகித்திருக்கலாம், அப்படி ஊகித்த எவரோ எடுத்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் சுருங்கிவிட்டது.

"மேடம், இதைச் சொல்லாம ஜெயிக்க முடியாதா?"

"ஏன் தம்பி?"

"திருடன்னு சொன்னா என்னைத் தெரிஞ்சவங்க யாரும் நம்ப மாட்டாங்க. வேலை தெரியாதவன்னு சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க."

குற்றவியல் பக்கம் இத்தனை காலம் நின்றதில், தன் மீதான பழியைத் துடைக்கும் சாட்சியத்தைக் கண்டு இப்படி அஞ்சிய கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. அவர் யோக்கியர் என்று காட்ட வேண்டுமானால் அவருடைய வேலை எவ்வளவு மோசம் என்று நானே நீதிமன்றத்தில் விரித்துக் காட்ட வேண்டும். அவர் சம்மதிக்காமல் அதை எடுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை. யோசித்து வரச் சொல்லி அனுப்பினேன். சில நாள் கழித்து வந்தவர், "அந்தத் துண்டுல எங்க தப்புன்னு பேராசிரியைகிட்ட உக்காந்து முழுசாப் படிச்சேன் மேடம். சொல்லிடுங்க" என்றார்.

விசாரணை அதிகாரியிடம் ஒரு செய்முறை விளக்கத்துக்கு எழுத்து மூலம் அனுமதி கேட்டோம். அவர் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை; அந்த மனிதருக்கு உண்மை தெரிய வேண்டும் என்ற ஆர்வம் இருந்தது. புதிய கைபேசி ஒன்றில் அவரே செயலியை நிறுவி, வாலட் தொடங்கி, பன்னிரண்டு சொற்களையும் தாளில் எழுதி உறையில் போட்டு முத்திரை வைத்தார். பேராசிரியையிடம் அவர் கொடுத்தது இரண்டுதான்: அந்த வாலட்டின் பொது முகவரி, தொடங்கிய தேதி. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள் திரையில் பன்னிரண்டு சொற்கள் வந்து நின்றன. உறையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தார் அதிகாரி. வரிசை உட்பட ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "யாரால வேணும்னாலும் முடியும்னா, இவனாலயும் முடியும்தானே மேடம்?"

சரியான கேள்வி. செய்முறை விளக்கம் சந்தேகத்தின் வட்டத்தைப் பெரிதாக்கியதே தவிர, இவரை அதிலிருந்து வெளியேற்றவில்லை. அந்த வேலையைச் செய்தது பொதுப் பேரேடு.

நாணயங்கள் எல்லாம் ஒரே முகவரியில் போய்ச் சேர்ந்திருந்தன. பேரேட்டில் அந்த முகவரியின் வரலாறு அழியாமல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அதே இரவில், அதே முகவரிக்கு, இந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு வாலட்டுகளிலிருந்தும் பணம் போயிருந்தது. அவற்றில் சில, இந்தச் செயலி பிறப்பதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தவை. காவல் துறையின் அனுமதியோடு அந்த முகவரிகளையும் பேராசிரியை அதே முறையில் சோதித்தார். அவையும் கடிகார விநாடியிலிருந்து பிறந்தவை. இணையத்தில் பல ஆண்டுகளாகக் கிடந்த அந்தத் துண்டுக் கோடை வேறு சிலரும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எங்கோ ஒருவர் அத்தனை விநாடிகளையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து, எந்தச் சாவிக்குப் பணம் திறக்கிறதோ அதை அள்ளிக்கொண்டிருக்கிறார். சேகரிப்பு முகவரி இயங்கத் தொடங்கிய நாளில், என் கட்சிக்காரர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்.

மற்றொரு சான்று நிறுவனத்தின் மின்னஞ்சல் பெட்டியிலேயே இருந்தது. வெளியீட்டுக்கு முன், உரிமையாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதியதாகச் சொல்லியிருந்தார். வேலையை விட்டதும் கணக்கை முடக்கிவிட்டதால் அவரிடம் பிரதி இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவின் கீழ் அதை வரவழைக்கக் கோரினோம். மின்னணு ஆவணத்துக்குச் சாட்சியச் சட்டத்தின் 65-பி(4) சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருந்ததால், சான்றிதழோடு வாங்கச் சொன்னோம். வந்தது. சாவி உருவாக்கும் பகுதியில் தனக்குப் போதிய அனுபவம் இல்லை, வெளியாள் ஒருவரைக் கொண்டு தணிக்கை செய்யாமல் வெளியிட வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தார். முதலில் வெளியிடுவோம், தணிக்கையைப் பிறகு பார்ப்போம் என்ற கருத்தில் ஒற்றை வரிப் பதில். தணிக்கைக்குக் கேட்ட தொகை செயலியைச் செய்ய ஆன செலவில் பாதிக்கு மேல்.

திருடப் போகிறவன் தான் செய்த பூட்டைப் பிறர் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்க மாட்டான். அந்தக் கடிதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். தனக்கு எது தெரியாது என்று அறிந்து, அதை முதலாளியிடம் சொல்வதும் அந்தத் தொழிலில் ஒரு திறமை. துண்டுக் கோடை ஒட்டிய கையிடம் அது இல்லை. கடிதம் எழுதிய கையிடம் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரின் கைதான்.

தடய அறிவியல் அறிக்கையும் எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. கைப்பற்றிய கருவிகளில் வாடிக்கையாளரின் சொற்களோ நாணயங்களை நகர்த்திய தடமோ இல்லை. செயலியில் ரகசியத்தை வெளியே அனுப்பும் வழி எதுவும் இல்லை. பொருண்மைப் பிழை என்று வழக்கை முடித்து அறிக்கை தாக்கல் ஆயிற்று. வழக்கு முடிக்கப்பட்டதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரருக்குப் போனது. அவர் எழும்பூர் நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போட்டார். நேர்மையற்ற எண்ணம் இருந்ததற்குச் சான்றில்லை, கவனக்குறைவு என்றால் அதற்கு உரிமையியல் பரிகாரம் தேடலாம் என்று சொல்லி நடுவர் அதைத் தள்ளுபடி செய்தார்.

அந்த உரிமையியல் பரிகாரத்தைத் தேடி நிறுவனம் நஷ்ட ஈட்டு நோட்டீஸும் அனுப்பியது. அங்கேதான் சட்டத்தில் உண்மையான வெற்றிடம் தெரிந்தது. மருத்துவர் கவனக்குறைவாக நடந்தாரா என்று கேட்டால், அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள இன்னொரு மருத்துவர் என்ன செய்திருப்பார் என்று ஒப்பிடுகிறோம். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, குற்றமாகும் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும் பிரித்துச் சொன்னது. மருத்துவருக்குப் பதிவேடு உண்டு. எனக்குப் பார் கவுன்சில் உண்டு. வாலட் செய்கிறவருக்கு எந்த மன்றமும் கிடையாது. கைபேசிச் செயலி எழுதத் தெரிந்த எவரும் நாளைக் காலையில் வாலட் எழுதத் தொடங்கலாம். அப்படியானால் அவரை யாரோடு ஒப்பிடுவது?

வெளிநாட்டிலும் இதற்கு முடிவான விடை இல்லை. பிட்காயினின் மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு நாணய உரிமையாளர்கள் மீது நம்பகக் கடமை உண்டா என்று டூலிப் டிரேடிங் வழக்கில் கேட்கப்பட்டது. விசாரித்து முடிவு செய்ய வேண்டிய கேள்விதான் அது என்று 2023 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வழக்கு முழு விசாரணையை எட்டவே இல்லை.

எங்கள் தகராறு சமரசத்தில் முடிந்தது. சம்பள பாக்கியை இவர் விட்டுக்கொடுத்தார். நஷ்ட ஈட்டுக் கோரிக்கையை நிறுவனம் விட்டது. வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. முழுத் தொகை யாருக்கும் வரவில்லை. எடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

இதற்குப் பிறகு வாலட் செய்யும் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் முதலில் கேட்பது, டெவலப்பர் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று. நான் அந்தக் கேள்வியை ஒத்திவைத்துவிட்டு வேறு சிலவற்றைக் கேட்கிறேன்.

சாவி யார் கையில் இருக்கப் போகிறது? வாடிக்கையாளரின் கைபேசியிலா, உங்கள் சர்வரிலா? உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்வதானால், 2023 மார்ச் 7 அறிவிக்கையின்படி பணமோசடித் தடுப்புச் சட்டம் உங்களைத் தேடி வரும். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். இதை முடிவு செய்யாமல் ஒரு வரிக் கோடுகூட எழுதக் கூடாது.

மறையீட்டுப் பகுதியைப் புதிதாக எழுதப் போகிறாரா, பலர் ஆண்டுக்கணக்கில் சோதித்த நூலகத்தை எடுக்கப் போகிறாரா? நூலகம் என்றால் அதைப் பராமரிப்பது யார், எந்தப் பதிப்பு என்று பூட்டி வைத்திருக்கிறாரா? 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பிரபலமான இலவச நூலகத்தை எழுதியவர், பராமரிக்க நேரமில்லாமல், உதவ முன்வந்த முகமறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டார். வாங்கியவர் அதில் கோபே என்ற வாலட்டைக் குறிவைத்துத் திருட்டுக் கோடைச் சேர்த்தார். கோபே வாலட்டை எழுதியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை; தாங்கள் யாரை நம்பியிருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் வெளியே போக முடியுமா? வெளியீட்டுக் கையொப்பச் சாவி ஒரே ஆளிடம் இருக்கிறதா? 2017 நவம்பரில் பாரிட்டி நிறுவனத்தின் கூட்டுக் கையொப்ப வாலட்டில், பாதுகாக்காமல் விட்ட ஒரு பொதுக் கோடை எவரோ ஒருவர் அழித்துவிட, 5,13,000-க்கும் மேற்பட்ட ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயம் உறைந்துபோனது. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. உரியவர்களாலும் எடுக்க முடியவில்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது. கையொப்பமிட்டவர்கள் பலர் இருந்தும், வாலட் மென்பொருளை எழுதிய ஒருவரின் கணினிக்குள் புகுந்த களவாளிகள் திரையில் காட்டுவதையே மாற்றிவிட்டார்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குக் கையெழுத்துப் போட்டார்கள் அத்தனை பேரும். தென்காசித் தகப்பனார் சொன்ன இரட்டைச் சாவி அவசியம்தான். இரண்டு பேரும் பெட்டகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

வெளித் தணிக்கைக்குத் தனியே தொகை ஒதுக்கியிருக்கிறீர்களா? அறிக்கையில் குறை வந்தால் வெளியீட்டை நிறுத்தி வைக்கும் அதிகாரம் டெவலப்பருக்கு உண்டா? வேலையை விட்டுப் போகிறவரிடமிருந்து அணுகல் உரிமைகளை அன்றே திரும்பப் பெற என்ன ஏற்பாடு? இது நிறுவனத்தைக் காப்பதைவிட, போகிறவரைத்தான் அதிகம் காப்பாற்றும். என் கட்சிக்காரரின் மடிக்கணினியில் அந்தக் கோப்பு இல்லாமல் இருந்திருந்தால் காவல் துறையின் மூன்றாவது காரணம் எழுந்திருக்கவே முடியாது.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதி முடிக்கும்போது, டெவலப்பர் ஏமாற்றினால் என்ன செய்வது என்ற முதல் கேள்வி பெரும்பாலும் தானாகவே சிறுத்துவிடும். அவர் நல்லவராக இருந்து கை தவறினாலும், கெட்டவராக இருந்து கை நீட்டினாலும், தடுக்கும் ஏற்பாடு ஒன்றே. குற்றவியல் சட்டம் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்கும். பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அது நாணயம் போன பிறகு நடக்கும் காரியம்.

அந்த இளைஞர் இந்தத் துறையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. மறையீட்டியலை முறையாகப் படித்து, மற்றவர்களின் வாலட் கோடைச் சோதிக்கும் வேலையில் சில காலம் இருந்தார். பிறகு புதிய வாலட் ஒன்றை எழுதும் வாய்ப்பு வந்தபோது, ஒப்பந்த வரைவோடு என்னிடம் வந்தார். குலுக்கலுக்கு இயங்குதளத்தின் வசதியைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது, பிழை வந்தால் செயலி நின்றுவிட வேண்டும், கோடு பொதுவில் இருக்க வேண்டும், வெளியீட்டுச் சாவி தன் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று தனக்கு எதிரான நிபந்தனைகளை அவரே எழுதியிருந்தார். நான் திருத்த அதில் அதிகம் மிச்சமில்லை.

அந்த நிறுவனத்தின் உரிமையாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பழைய வழக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. "அவரை நம்பலாமா மேடம்?" என்று கேட்டார். கட்சிக்காரருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை இல்லை. "உங்களை நம்பச் சொல்லி அவர் எந்த இடத்திலும் கேட்கலை, வரைவைப் படிச்சுப் பாருங்க. தணிக்கைத் தொகைன்னு ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு. அதை நீங்கதான் நிரப்பணும்" என்றேன்.